ஒன்பது இருபத்தொன்பது வரை

அமெரிக்காவின் கிழக்குக் கரையில் ராத்திரி பன்னிரண்டு அடிக்க ஒரு நிமிஷம் இருக்கும்போது சென்னையில் காலை ஒன்பது இருபத்தொன்பது. இந்தக் கணக்கை அங்கயற்கண்ணி ஒரு வாரமாக விரல் விட்டுப் போட்டுக்கொண்டிருந்தாள். குவான்ட் ஃபைனான்ஸ் படிக்கப் போகிறவள், பங்குச் சந்தை நாளைக்கு எவ்வளவு ஆடும் என்று சமன்பாடு எழுதிச் சொல்லப் போகிறவள், அவளுக்கு இந்த ஒன்பதரை மணி நேரத்தைக் கூட்டுவதற்கு மட்டும் விரல்தான் வேண்டியிருந்தது. இப்போது மணி எட்டு பதினெட்டு. கம்பெனி பஸ் வேளச்சேரியை விட்டுக் கிளம்பிவிட்டது. சிறுசேரி போய்ச் சேர்வதற்குள் முடிவு சொல்லியாக வேண்டும். கைபேசியில் இரண்டு பக்கங்கள் திறந்திருந்தன. ஒன்று பெரிய ஊர்ப் பல்கலைக்கழகம், பெயரைச் சொன்னால் மதுரையில் அப்பா வேலை பார்க்கிற மில்லின் வாட்ச்மேனுக்குக்கூடத் தெரியும், ஒரே வருஷப் படிப்பு. இன்னொன்று ஏரிக்கரை ஊர், இரண்டு வருஷம், பெயரைச் சொன்னால் அது எங்கேம்மா இருக்கு என்று அப்பாவே கேட்டார். இரண்டிலும் இடம் கிடைத்துவிட்டது. கடன் தருகிற பேங்க் மேனேஜருக்கு இரண்டும் ஒன்றுதான். இரண்டு பக்கத்திலும் ஒரே மாதிரிப் பச்சைப் பட்டன், வருகிறேன் என்று சொல்லும் பட்டன், இதை அழுத்தினால் அதை விட்டாக வேண்டும். பக்கத்து சீட்டில் அறைத்தோழி ஜெஸிந்தா தூங்கிக்கொண்டிருந்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. மனசில் ஒரு பாரமும் இல்லாதவர்கள்தான் பஸ்ஸில் இப்படித் தூங்க முடியும், எப்படித்தான் இவளால் முடிகிறதோ என்று அங்கயிக்கு ஆத்திரமாக வந்தது. சும்மா சொல்லக் கூடாது, அவள் தூக்கத்தைப் பார்த்துக்கூட இவளுக்குப் பொறாமைதான்.

ஏரிக்கரை ஊர்தான் நல்லது. அது அங்கயிக்குத் தெரியும். தெரியாமல் இருந்தால் இவ்வளவு கஷ்டமே இல்லை. இரண்டு வருஷம் என்றால் நடுவில் ஒரு கோடை, அந்தக் கோடையில் ஏதாவது கம்பெனியில் பயிற்சிக்குச் சேரலாம், சேர்ந்தால்தான் பிறகு வேலை, வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு அதுதான் வழி என்று போனவர்கள் எல்லாரும் சொன்னார்கள். ஒரு வருஷப் படிப்பில் பெட்டியைப் பிரிப்பதற்குள் வேலைக்கு விண்ணப்பம் போட வேண்டும். அதுவும் இல்லாமல், ராண்டம் வாக் என்று சொல்வார்களே, குடித்துவிட்டு நடக்கிறவனின் அடுத்த அடி எந்தப் பக்கம் என்று தெரியாதது போன்ற நடை, அதைப் பற்றி வெள்ளைத் தாடிக்காரர் ஒருவர் நடத்திய பாடங்களை இவள் மூன்று வருஷமாக யூட்யூபில் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அந்தத் தாடிக்காரர் ஏரிக்கரை ஊரில்தான் இருக்கிறார். அவர் வகுப்பில் உட்கார வேண்டும் என்றுதானே முதலில் ஆசைப்பட்டது, அப்போது பெரிய ஊர் நினைப்பிலேயே இல்லையே, கல்லூரியில் கணக்கு எடுத்த சேஷகிரி சார்தான் எதற்கும் ஒன்று போட்டுவை என்றார், போட்டாள், கிடைத்தது. கூடவே போட்ட ஜெஸிக்குக் கிடைக்கவில்லை. அன்றைக்குத்தான் பெரிய ஊர் பெரிய ஊர் ஆனது. அதற்கு முன்னால் அது பட்டியலில் ஆறாவது வரி.

பள்ளிக்கரணை குப்பை நாற்றம் ஏசியையும் மீறி உள்ளே வந்தது. யாரோ மூக்கைப் பிடித்துக்கொண்டு செருமினார்கள். அங்கயி கைபேசியில் மூன்றாவதாக ஒன்றைத் திறந்தாள், அவளுடைய எக்செல் தாள். யாரும் பார்க்காத தாள். இரண்டு ஊருக்கும் பதினோரு தலைப்பில் மதிப்பெண் போட்டு, ஒவ்வொரு தலைப்புக்கும் எத்தனை சதவீத எடை என்று வைத்து, கூட்டிப் பார்க்கிற தாள். வேலை வாய்ப்பு, பாடத்திட்டம், குளிர், வாடகை, நம்மூர்ப் பிள்ளைகள் இருக்கிறார்களா, சாப்பாடு, இப்படி. முதல் தடவை கூட்டியபோது ஏரிக்கரை ஜெயித்தது. குளிருக்கு எடையை ஏற்றினாள், ஏரிக்கரையில் பனி முழங்கால் வரை கொட்டுமாம், அப்படியும் அதுதான் ஜெயித்தது. பெயர் புகழுக்கு ஏற்றினாள். ம்ஹூம். ஒரு நாள் மத்தியானம் ஆபீஸில் யாரும் இல்லாத நேரம் பார்த்து பன்னிரண்டாவதாக ஒரு பத்தியைச் சேர்த்தாள். அதற்குத் தலைப்பு வைக்கவில்லை. பெரிய ஊருக்கு அதில் பத்துக்குப் பத்து, ஏரிக்கரைக்கு சைபர். அதன் எடையை ஒவ்வொரு சதவீதமாக ஏற்றிக்கொண்டே வந்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. நாலாவதில் பெரிய ஊர் மேலே வந்துவிட்டது. நூற்றில் நாலு! வெறும் நாலு சதவீதம் வயிற்றெரிச்சல் இருந்தால் போதும், வாழ்க்கை அந்தப் பக்கம் திரும்பிவிடும். ஆனால் அவளிடம் இருந்தது நாலா? நாற்பதுக்குக் குறையாது. அதை எந்தக் கட்டத்தில் போய் எழுதுவது. தலைப்பில்லாத பத்தியின் பெயர் ஜெஸிந்தா என்று அவளுக்குத் தெரியும், தாளைத் திறக்கும் ஒவ்வொரு தடவையும் கண் போய் அங்கேயே நின்றது.

ஜெஸிந்தா தூத்துக்குடிக்காரி. அம்மா அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ், அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். தஞ்சாவூர்ப் பக்கத்துக் கல்லூரியில் ஐந்து வருஷக் கணக்குப் படிப்பில் இரண்டு பேரும் ஒரே அறை, பிறகு ஒரே கம்பெனி, ஒரே விடுதி, ஒரே பஸ். அங்கயிதான் எப்போதும் முதல். ஜெஸி நாலாவது, ஆறாவது, ஒரு தடவை ஒன்பதாவது. அதனால் அங்கயி அவளிடம் மனசு விட்டுப் பிரியமாக இருந்தாள். ஒன்பதாவதாக வருகிறவளிடம் பிரியமாக இருப்பதில் என்ன கஷ்டம்? சேஷகிரி சார் மார்ட்டிங்கேல் என்று ஒன்றை நடத்துவார், நேர்மையான சூதாட்டத்தைக் கணக்காக எழுதினால் எப்படி இருக்கும் என்பது. கரும்பலகை நிறைய எழுதிவிட்டுத் திரும்பி, என்ன, புரிந்ததா என்பார். முப்பத்தெட்டுத் தலையும் ஆடும். ஒரு கை மட்டும் மேலே போகும். "சார், விளங்கல." வகுப்பு சிரிக்கும். அங்கயியும் சிரிப்பாள், கொஞ்சம் சத்தமாகவே சிரிப்பாள். சார் பெருமூச்சு விட்டு எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து, இன்னும் எளிமையாக, காசு சுண்டுவதில் ஆரம்பித்துச் சொல்வார். ஜெஸி சில சமயம் மறுபடியும் கையைத் தூக்குவாள். வெட்கமே கிடையாதா இவளுக்கு என்று இருக்கும். ராத்திரி அறையில் வந்து, ஏட்டி, கடைசிப் படி மட்டும் சொல்லேன் என்பாள், அங்கயி சொல்லிக் கொடுப்பாள். சொல்லிக் கொடுக்கிற இடத்தில் உட்கார்ந்திருப்பது சுகமாக இருக்கும். ஐந்து வருஷம் அப்படி ஒரு சுகத்தில் கழிந்தது.

பிறகு போன அக்டோபர். நினைக்க வேண்டாம் என்றால் இதுதான் முதலில் வந்து நிற்கும். மேற்படிப்புக்கு சேஷகிரி சார் சிபாரிசுக் கடிதம் தர வேண்டும். எந்தக் கல்லூரியில்தான் வாத்தியார்கள் தாங்களே உட்கார்ந்து எழுதுகிறார்கள்? நீயே எழுதி அனுப்பிடும்மா, நான் படிச்சுப் பார்த்துப் போட்டுடறேன் என்று போனில் சொன்னார், எல்லாருக்கும் சொல்வதுதான். அங்கயி தனக்குத் தானே எழுதிக்கொண்டாள். என் இருபத்தாறு வருஷ அனுபவத்தில் இப்படி ஒரு மாணவியைப் பார்த்ததில்லை என்று சாருடைய குரலில் எழுதினாள், கூச்சமாகத்தான் இருந்தது, இருந்தாலும் எழுதினாள். எந்தக் கடினமான கருத்தையும் முதல் முறையிலேயே பிடித்துக்கொள்வார், எங்கும் தடுமாறிப் பார்த்ததில்லை என்றும் சேர்த்தாள். இரண்டு நாள் கழித்து சார் மறுபடியும் கூப்பிட்டார். ஜெஸிந்தா அனுப்பியிருக்கறது ரொம்ப வத்தலா இருக்கு, இங்கிலீஷும் சரியில்லை, உனக்குத்தான் நல்லா வருமே, நீயே அவளுக்கும் ஒண்ணு எழுதிடேன், அவகிட்டச் சொல்லாதே, சங்கடப்படுவா. சரி சார் என்றாள். அது ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகல். ஜெஸி விடுதிப் பின்கட்டில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள், இவளுடைய இரண்டு சுடிதாரையும் சேர்த்துத்தான் துவைத்தாள், அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டேதான் இவள் எழுதினாள். நன்றாகத்தான் ஆரம்பித்தாள். உழைப்பாளி, நேர்மையானவர், பழக இனியவர். அப்புறம் கை தன்னால் ஒரு வரி எழுதியது. இவர் வகுப்பில் அடிக்கடி தனக்குப் புரியவில்லை என்று சொல்லி நிறுத்துவார், தனக்குத் தெளிவாகும்வரை வகுப்பை நகர விடமாட்டார், அதனால் வேகம் சற்றுக் குறைவு. படிக்கிறவர்களுக்குக் குறை சொன்ன மாதிரியே தெரியாது. ஆனால் தேர்வுக் குழுவில் இருக்கிறவர்களுக்குப் புரிந்துவிடும், மந்தம் என்று. அழிக்கலாமா என்று ஒரு நிமிஷம் பார்த்தாள். பொய்யா எழுதினேன், நடந்ததைத்தானே எழுதினேன் என்று தனக்கே சொல்லிக்கொண்டு அனுப்பிவிட்டாள். சார் படித்தும் பார்க்கவில்லை, அன்றைக்கே பல்கலைக்கழகத் தளத்தில் ஏற்றிவிட்டார். ஜெஸி வாளியோடு உள்ளே வந்து, உன் மஞ்சள் துப்பட்டா சாயம் போவுதுட்டி, தனியாத் துவைக்கணும் என்றாள்.

இன்னும் மேடவாக்கமே தாண்டவில்லை. மணி எட்டு நாற்பத்தொன்று. முன் சீட்டில் டெஸ்டிங் டீமில் இருக்கிற யாரோ இட்லி டப்பாவைத் திறந்திருக்க வேண்டும், மிளகாய்ப்பொடி வாசனை வந்தது, அங்கயிக்குப் பசிக்கவில்லை, வயிறு மூன்று நாளாகவே கல்லாகத்தான் இருக்கிறது. மூன்று நாளைக்கு முன்னால் ஜெஸிக்கு ஏரிக்கரை ஊரிலிருந்து ஒரு மெயில் வந்தது. இடம் கிடைத்தது ஏற்கெனவே தெரியும், இரண்டு பேருக்கும் ஒரே வாரத்தில் கிடைத்ததுதான். இது வேறு. அந்தத் துறையின் தலைவி, பெயரைப் பார்த்தால் துருக்கியோ ஈரானோ, தானே உட்கார்ந்து எழுதியிருந்தாள். ஜெஸி அதைக் கட்டிலில் உட்கார்ந்து சத்தமாகப் படித்தாள், பாதிக்கு மேல் படிக்க முடியாமல் கைபேசியை அங்கயியிடம் கொடுத்துவிட்டாள். அங்கயிதான் மீதியைப் படித்தாள். கடிதங்களில் இருப்பதை மாணவர்களிடம் சொல்லும் வழக்கம் எங்களுக்கு இல்லை, ஆனால் உங்களுக்குச் சொல்லத் தோன்றுகிறது, உங்கள் பேராசிரியர் எழுதிய ஒரு வரியை எங்கள் குழுவில் மூன்று பேர் அடிக்கோடிட்டிருந்தார்கள், வகுப்பை நிறுத்திப் புரியவில்லை என்று சொல்கிறவர் என்று, நாங்கள் தேடுவது அப்படிப்பட்டவரைத்தான், புரிந்த மாதிரித் தலையாட்டுகிறவர்கள் கையில் பிறர் பணத்தைக் கொடுத்தால் என்ன ஆகும் என்று உலகத்துக்கே தெரியும், ஆகையால் உங்களோடு சேரும் முதலாண்டு மாணவர்களுக்கு, நடந்த பாடத்தை மறுபடி பேசும் பயிற்சி வகுப்பு எடுக்கும் பொறுப்பை உங்களுக்குத் தர விரும்புகிறோம், உங்களுக்குக் கட்டணம் கிடையாது. அங்கயி ஏற்ற இறக்கம் மாறாமல் கடைசிவரை படித்தாள். படித்தது அவளுடைய வரி. அவள் விஷம் என்று நினைத்து வைத்த வரி. தன் கடிதத்தை எழுதிய அதே மேஜையில், அதே நாற்காலியில் உட்கார்ந்து எழுதியது. எந்தக் கடினமான கருத்தையும் முதல் முறையிலேயே பிடித்துக்கொள்கிறவளுக்கு ஏரிக்கரைக்காரர்கள் இடம் மட்டும் கொடுத்தார்கள், அடிக்கோடு ஒன்றும் போடவில்லை. "சார் என்னைப் பத்தி இப்படியெல்லாம் நெனச்சிருக்காருன்னு எனக்குத் தெரியவே தெரியாதுட்டி," என்று ஜெஸி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நல்ல மனுஷன் என்று அங்கயி சொன்னாள். அன்றைக்கு அவளுக்கு வந்த எரிச்சலை எங்கே கொண்டு போய் வைப்பது? அடுத்தவள் வாங்கின புகழுக்கு வயிறு எரிகிறவர்கள் ஊரெல்லாம் உண்டு. அந்தப் புகழைத் தானே எழுதிக் கொடுத்துவிட்டு எரிகிறவள் இவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

அதனால் பெரிய ஊர். முடிந்தது. அங்கே ஜெஸி இல்லை, அங்கே அவளை வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள், அங்கே அடிக்கோடு போடுகிற மூன்று பேர் கிடையாது. ஏரிக்கரைக்குப் போனால் என்ன ஆகும் தெரியுமா, முதல் வாரம், பயிற்சி வகுப்பு, இவள் பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள், முன்னால் நின்று சாக்பீஸைப் பிடித்துக்கொண்டு ஜெஸி சொல்லிக் கொடுப்பாள். என்ன, விளங்கிச்சா என்று கேட்பாள். கேட்பாள், கட்டாயம் கேட்பாள், பொறுமையாக, யாரையும் மட்டம் தட்டாமல் கேட்பாள், எல்லாருக்கும் அவளைப் பிடித்துவிடும், தாடிக்காரருக்கும் பிடித்துவிடும். இவள் கட்டணம் கட்டிப் படிக்கிற வகுப்பில் அவள் கட்டணம் இல்லாமல் நிற்பாள். சீச்சீ. அங்கயி பச்சைப் பட்டன் இருந்த பெரிய ஊர்ப் பக்கத்தைத் திறந்து கட்டைவிரலை அதன் மேல் கொண்டுபோனாள். படத்தில் கண்ணாடிக் கட்டடங்கள், ஆறு, பாலம், சிரிக்கிற பிள்ளைகள். அப்பா நாலு பேரிடம் சொல்லலாம். சித்தப்பா வீட்டில் வாயடைத்துப் போவார்கள். ஆனால் விசா குத்துகிற வரைக்கும் யாரிடமும் மூச்சு விடக் கூடாது என்று அம்மா சொல்லியிருக்கிறாள், கண் பட்டுவிடுமாம். அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது. கண் படுவதெல்லாம் ஒரே அறையில் அடுத்த கட்டிலிலிருந்து.

அழுத்தியிருப்பாள். பஸ் பிரேக் போட்டதில் விரல் நகர்ந்துவிட்டது. சோழிங்கநல்லூர் சிக்னல், நீண்ட வரிசை, மணி எட்டு ஐம்பத்தெட்டு. ஜெஸியின் தலை சரிந்து இவள் தோளில் விழுந்தது, தள்ளிவிடலாம் என்று நினைத்தாள், தள்ளவில்லை. தேங்காய் எண்ணெய் வாசனை. விட்ட இடத்திலிருந்து மறுபடியும் ஆரம்பித்தாள், பெரிய ஊர், கண்ணாடிக் கட்டடம், உள்ளே வகுப்பு. இந்தத் தடவை வகுப்புக்குள் போய்விட்டாள். நூறு பேர் உட்காரும் படிக்கட்டு அறை. வாத்தியார் வேகமாகப் போகிறார், ஒரு வருஷப் படிப்பு அல்லவா, நிற்க நேரமில்லை. திரை நிறையச் சமன்பாடு. மூன்றாவது வரியில் இவளுக்கு நழுவிவிட்டது. சுற்றிலும் பார்க்கிறாள். சீனத்துப் பிள்ளைகள், பம்பாய்ப் பிள்ளைகள், பிரெஞ்சுக்காரர்கள், நூறு தலையும் ஆடுகிறது. இவள் தலையும் ஆடுகிறது. யாராவது கையைத் தூக்க மாட்டார்களா என்று காத்திருக்கிறாள். காத்திருக்கிறாள். யாரும் தூக்கவில்லை. ஐயோ. அந்தக் காத்திருப்பு அங்கயிக்குப் புதிது இல்லை. மார்ட்டிங்கேல் வகுப்பில் சார் திரும்பிப் பார்த்து என்ன புரிந்ததா என்று கேட்டபோதெல்லாம் இவள் இதே மாதிரிதான் காத்திருந்தாள். இவளுக்கும் புரிந்திருக்காது. முப்பத்தெட்டுத் தலையில் ஆடிய முதல் தலை இவளுடையது, புரியாமல் ஆடியது. ஜெஸி கையைத் தூக்குவாள், வகுப்பு சிரிக்கும், இவள் சத்தமாகச் சிரிப்பாள், சார் முதலிலிருந்து சொல்வார், அந்த இரண்டாவது தடவையில்தான் இவள் நோட்டில் எழுதுவாள், ஒரு வார்த்தை விடாமல். எழுதியதை ராத்திரி ஜெஸிக்கே சொல்லிக் கொடுப்பாள். முதலாவதாக வந்தது இப்படித்தான். கேட்கிற அவமானம் எல்லாம் அவளுக்கு, மதிப்பெண் எல்லாம் இவளுக்கு. ஐந்து வருஷம் அடுத்தவளுடைய வாயால் படித்திருக்கிறாள். இதை இதுவரை ஒரு நாளாவது இப்படி நேராக நினைத்ததுண்டா? இல்லை. நினைத்தாலும் பக்கத்திலேயே ஒரு சமாதானம் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

சரி, அப்படியானால் ஏரிக்கரை. இல்லை, பயமாக இருக்கிறது என்பதற்காகவா அவள் பின்னால் போவது, வால் பிடித்துக்கொண்டு? மானம் இல்லையா? கஷ்டப்பட்டாவது பெரிய ஊரில் படித்துக் காட்டலாம், பழகிவிடும், இரண்டு மாதத்தில் கையைத் தூக்கவும் வந்துவிடும். வந்துவிடுமா? பஸ் நகர்ந்தது, நின்றது, நகர்ந்தது. நாவலூர். அடுக்கு மாடிகளும் நடுவில் வெறும் பொட்டலும், பொட்டலில் மாடுகள். மணி ஒன்பது பன்னிரண்டு. இப்போது மனசு ஏரிக்கரைப் பக்கம் போனது, இவள் இல்லாத ஏரிக்கரை. செப்டம்பர் மாதம். ஜெஸி தனியாக வீடு பிடித்திருக்கிறாள், தனியாக இல்லை, கூட ஒரு பெண், கொரியாவோ குஜராத்தோ, ஜெஸிக்கு யாரிடமும் பத்து நிமிஷத்தில் ஒட்டிவிடும். ராத்திரி அந்தப் பெண்ணிடம் போய், கடைசிப் படி மட்டும் சொல்லேன் என்கிறாள். அந்தப் பெண் சொல்லிக் கொடுக்கிறாள். இவளுடைய நாற்காலியில் அவள். முதல் பரீட்சை வருகிறது. ஜெஸி எவ்வளவு வாங்கினாள்? தெரியாது. வாட்ஸப்பில் கேட்டால், ஏதோ போவுதுட்டி என்று ஒரு சிரிப்புப் பொம்மை போடுவாள். முதலாவதாக வந்திருப்பாளோ? வந்திருந்தாலும் சொல்லமாட்டாள், இவள் மனசு நோகும் என்று சொல்லமாட்டாள். தாடிக்காரர் அவளிடம் என்ன சொன்னார்? புதிதாக என்ன கோட்டு வாங்கினாள், பனியில் விழுந்தாளா, யார் தூக்கினார்கள், யாரோடு சிரித்தாள்? ஒன்றும் தெரியாது. கண்ணுக்கு எதிரே இருந்தால் தினமும் ஒரு அளவு எரிந்துவிட்டுத் தூங்கலாம். கண்ணுக்கு எட்டாத இடத்தில் அவள் நன்றாக இருக்கிறாள் என்று தெரிந்துகொண்டு, எவ்வளவு நன்றாக என்று தெரியாமல், ஒரு வருஷம் எப்படி இருப்பது? அது முடியாது. பயிற்சி வகுப்பில் பெஞ்சில் உட்கார்ந்து அவள் சாக்பீஸ் பிடிப்பதைப் பார்ப்பது முடியும். கஷ்டம்தான், ஆனால் முடியும். பார்க்காமல் இருப்பதுதான் முடியாது.

இப்படி ஒரு காரணத்துக்காக யாராவது படிப்பைத் தேர்ந்தெடுப்பார்களா? எக்செல்லில் பதினோரு தலைப்பும் சொன்ன ஊருக்கே பன்னிரண்டாவது பத்தியும் சுற்றி வளைத்துக் கொண்டுவந்து விட்டது. அங்கயி ஏரிக்கரைப் பக்கத்தைத் திறந்து பச்சைப் பட்டனை அழுத்தினாள். வரவேற்கிறோம் என்று ஒரு வரி வந்தது, அவ்வளவுதான், ஒரு வாரமாகத் தின்றுகொண்டிருந்த விஷயம் முடிய இரண்டு விநாடி ஆனது. பெரிய ஊர்ப் பக்கத்தில் வரவில்லை என்பதை அழுத்தினாள். அவர்கள் விடவில்லை, காரணம் கேட்டார்கள். கீழே ஒரு பட்டியல் இறங்கியது. பணவசதி, இருப்பிடம், குடும்பச் சூழ்நிலை, வேறு பல்கலைக்கழகம், வேலை, உடல்நிலை. ஒவ்வொன்றாகப் படித்தாள். கடைசியில் மற்றவை என்று இருந்தது. அதைத் தொட்டாள், விளக்கமாக எழுத ஒரு கட்டம் திறந்தது, கட்டத்தில் கோடு விட்டுவிட்டு மின்னியது. ஒன்றும் எழுதாமல் அனுப்பினாள். மணி ஒன்பது பத்தொன்பது. மூன்று நாளில் முதல் தடவையாகப் பசித்தது.

சிறுசேரித் திருப்பத்தில் ஜெஸி விழித்தாள். தோளில் படுத்திருந்ததைப் பார்த்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். இன்றைக்குக் கடைசி நாள் என்று அவளுக்கும் தெரியும். ஆனால் எந்த ஊர் என்று அவள் கேட்டதே இல்லை. கேட்காமல் இருப்பதும் அவர்களுக்குள் ஒரு மரியாதையாகிவிட்டது. மணி மட்டும் கேட்டாள், அங்கயி சொன்னாள், பிறகு ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, ஏரிக்கரைக்கே போட்டுட்டேன், உன்கூடத்தான் வர்றேன் என்றும் சொன்னாள். திரும்பிப் பார்த்தால் ஜெஸி அழுதுகொண்டிருக்கிறாள். பஸ்ஸில் நாலு பேர் பார்க்கிறார்கள், அதைப் பற்றி அவளுக்கு என்ன. அங்கயியின் கையைப் பிடித்துக்கொண்டாள், பிடித்த கையை விடாமல் மடியில் வைத்துக்கொண்டு, இவள் முகத்தைப் பார்க்காமல் கையைப் பார்த்துப் பேசினாள்.

"ஒண்ணு சொல்லுதேன், கோவிச்சுக்கிடாத. நீ அந்தப் பெரிய ஊருக்குத்தான் போவன்னு நெனச்சு எனக்கு வயிறு எரிஞ்சுக்கிட்டே இருந்துச்சுட்டி. என்னைய வேண்டாம்னுட்டாவள்லா, அங்க நீ போய் நல்லா இருந்துட்டா என்ன செய்யன்னு. உனக்கு விசா கெடைக்கக் கூடாதுன்னுகூட ஒரு ராத்திரி நெனச்சிட்டேன். உன்கிட்டச் சொல்லாம என்னால முடியல."

சொல்லிவிட்டுப் பல் வலியைச் சொன்னவள் மாதிரி பெருமூச்சு விட்டாள். முகம் தெளிந்துவிட்டது. துப்பட்டா நுனியால் கண்ணைத் துடைத்து, அதே நுனியால் மூக்கையும் துடைத்துக்கொண்டு, கீழே கிடந்த பையை எடுத்து உதறினாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, துணி துவைக்கிற சத்தம், ஒரு வரி, அதற்கு முன்னால் ஐந்து வருஷம், எல்லாம் வரிசையாக வந்து அங்கயியின் நாக்குக்குப் பின்னால் நின்றது. இப்போது சொல்லலாம். இவ்வளவு சுலபமாக ஒருத்தி சொல்லிவிட்டுப் பையை உதறுகிறாள், அவளிடம் சொல்ல என்ன பயம்? வாயைத் திறந்தாள். "பரவாயில்லடி, விடு. நான் ஒண்ணும் நெனச்சுக்கல," என்று வந்தது. பெருந்தன்மையான குரலில் வந்தது, மன்னிக்கிறவள் குரலில். ஜெஸி நன்றியோடு அவள் தோளில் ஒரு தட்டு தட்டிவிட்டு எழுந்தாள். பஸ் நின்றது. எல்லாரும் அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு இறங்கத் தொடங்கினார்கள். ஜெஸி முன்னால் போனாள், கைவீசி, லேசாக, ராத்திரி நன்றாகத் தூங்கி எழுந்தவள் போல. அங்கயி சீட்டிலிருந்து எழுந்திருக்காமல் அவள் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள். இதையும் அவளே முதலில் சொல்லிவிட்டாள் என்று வயிறு எரிந்தது.